டாங்கியில் இருந்த 19ஆம் நம்பர் பெட்டி

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்குள் இருந்த வானொலிக்குப் பெயரே ஒரு எண்தான்: 'வயர்லெஸ் செட் நம்பர் 19'. கேம்பிரிட்ஜில் இருந்த பை நிறுவனத்தின் வடிவமைப்பு. ஒரே பெட்டியில் மூன்று வேலை: தூரத்தில் உள்ளவர்களோடு பேச 'ஏ' செட், பக்கத்து டாங்கிக்கு 'பி' செட், டாங்கிக்குள் பேசிக்கொள்ள இன்டர்காம். கனடாவில் செய்த பல பெட்டிகளில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் இருக்கும். சோவியத் படைக்கும் போனதே!

1945இல் போர் முடிந்ததும் இவை உபரிச் சரக்காக மலிவு விலைக்கு வந்தன. ஹாம் வானொலிக்காரர்கள் வாங்கித் தங்கள் வசதிக்கு வெட்டி மாற்றினார்கள். பலர் முதலில் கழற்றிப் போட்டது பி செட்டைத்தான். இன்றைய சேகரிப்பாளர்களுக்கு இதைக் கேட்டாலே வயிறு எரியும். எனக்கென்னவோ கோபம் வரவில்லை. பி செட் இயங்குவது சுமார் 235 மெகாஹெர்ட்ஸில். அங்கே பேச ஹாம்களுக்கு அனுமதி இல்லை. ஏ செட்டோ 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை; ஹாம்களுக்கான 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. அதனால்தான் லைசென்ஸ் உள்ளவர்கள் இதை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டி இன்றும் பேசுகிறார்கள். வால்வுகளுக்கு உயர் மின்னழுத்தம் தருவது ஒரு சுழலும் இயந்திரம்; பெட்டி பேசுவதற்கு முன் அதன் இரைச்சல்தான் கேட்கும், பக்கத்து அறையில் மிக்சி ஓடுவதுபோல.