வேட்பாளரை ஆக்குவோர் யார்?
அமெரிக்கக் கறுப்பின மக்களின் முதனிலைத் தேர்தல் வரலாறு

தேர்தல் நாளன்று வாக்குச் சாவடிக்குச் சென்று, முன்னே வைக்கப்பட்ட பெயர்களுள் ஒன்றைத் தெரிவு செய்து திரும்புவதோடு குடிமகனின் கடமை முடிந்துவிடுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அப்பெயர்களை அங்கே வைத்தவர் யார், எவ்விதியின்படி வைத்தனர் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயின், அதிகாரத்தின் முதல் வாயில் அங்கேதான் இருக்கிறது. அவ்வாயில் ஒரு சமுதாயத்திற்கு அடைக்கப்பட்டிருக்குமானால், அச்சமுதாயத்தின் கையில் உள்ள வாக்கு பாதி வாக்கே ஆகும்.

இவ்வுண்மையைப் பட்டறிவால் உணர்ந்து, அவ்வாயிலைத் திறப்பதற்கென்றே அரை நூற்றாண்டுக்கு மேல் போராடியவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பின மக்கள். அப்போராட்டத்தின் வரலாற்றை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதனிலைத் தேர்தல் என்னும் முறை நம் முன்னோர்க்கும் ஒரு காலத்தில் உரியதாக இருந்தது. அதனை இக்கட்டுரையின் இறுதியில் காண்போம்.

முறையும் கணக்கும்

அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் பதவிக்கான வேட்பாளரைக் கட்சித் தலைமை மட்டும் கூடி அறிவித்துவிடுவதில்லை. தேர்தல் ஆண்டின் தொடக்க மாதங்களில் மாநிலந்தோறும் கட்சியின் ஆதரவாளர்கள் வாக்களிக்கின்றனர். இதுவே முதனிலைத் தேர்தல். சில மாநிலங்களில் வாக்குச் சீட்டிற்கு மாறாக ஊர்தோறும் கட்சிக் கூட்டம் கூட்டி ஆதரவைக் கணக்கிடுவர். இதனைக் காக்கஸ் என்பர். இரண்டிலும் கிடைக்கும் பயன், கட்சியின் தேசிய மாநாட்டிற்குச் செல்லும் பேராளர்கள். மாநாட்டில் பேராளர்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவைப் பெறுபவரே கட்சியின் வேட்பாளர்.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. வாக்குகள் பேராளர்களாக மாறும் விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. விகிதாசார முறையில், 30 விழுக்காடு வாக்குப் பெற்றவர் ஏறத்தாழ 30 விழுக்காடு பேராளரைப் பெறுவார். வென்றவருக்கே யாவும் என்னும் முறையிலோ முதலில் வந்தவர் அனைத்தையும் அள்ளிச் செல்வார். 2016 ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் டொனால்டு டிரம்ப் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குகளே பெற்றார். ஆனால் அம்மாநிலத்தின் 50 பேராளர்களும் அவருக்கே கிட்டினர். ஆகவே வாக்கைச் சேர்ப்பவர் அறிந்திருக்க வேண்டியது கணக்கின் விதியையும் ஆகும்.

அடைக்கப்பட்ட வாயில்

உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்க அரசமைப்பின் பதினைந்தாம் திருத்தம், நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று விதித்தது. இது 1870 இல் நடந்தது. எனினும் தென் மாநிலங்களின் ஆதிக்கவாதிகள் சுற்றுவழி ஒன்றைக் கண்டனர். அங்கே ஜனநாயகக் கட்சி ஒன்றே செல்வாக்குடன் இருந்தது. அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவர் பொதுத் தேர்தலில் வெல்வது உறுதி. எனவே முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று செய்துவிட்டனர். பொதுத் தேர்தலில் கறுப்பர் வாக்களித்தாலும் முடிவு முன்னரே ஆகிவிட்டிருக்கும்.

டெக்சாஸ் மாநிலம் 1923 இல் இதனைச் சட்டமாகவே இயற்றியது. எல் பாசோ நகரின் கறுப்பின மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் வழக்குத் தொடுத்தார். 1927 இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. உடனே அதிகாரம் கட்சியின் செயற்குழுவிடம் மாற்றப்பட்டது. 1932 இல் அதுவும் வீழ்ந்தது. பின்னர் கட்சி மாநாடே தடைத் தீர்மானம் இயற்றியது. கட்சி என்பது தனியார் அமைப்பு, அது விரும்பியவரைச் சேர்க்கலாம், விரும்பாதவரை விலக்கலாம் என்று 1935 இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஹூஸ்டன் நகரின் பல் மருத்துவர் லானி ஸ்மித் தொடுத்த வழக்கில்தான், 1944 இல், வெள்ளையர் முதனிலைத் தேர்தல் முறை ஒழிந்தது. அவ்வழக்கில் வாதிட்டோருள் ஒருவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக உயர்ந்தவர் அவரே.

ஒரு வாயிலைத் திறப்பதற்கு இருபத்தோராண்டுகள் ஆயின. ஒவ்வொரு முறையும் பூட்டு மாற்றப்பட்டதே அன்றிக் கதவு திறக்கப்படவில்லை. சாதிக் கட்டுப்பாடுகள் உருமாறி உருமாறி வருவதைக் கண்ட நமக்கு இது புதிய செய்தி அன்று.

பருத்திக் காட்டிலிருந்து வந்த குரல்

தீர்ப்பு வந்தும் மிசிசிப்பி மாநிலத்தில் நிலைமை மாறவில்லை. 1960 ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே மக்கள் தொகையில் கறுப்பினத்தார் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். ஆனால் அவர்களுள் வாக்காளராகப் பதிவு பெற்றோர் நூற்றுக்கு எழுவர்கூட இல்லை. பதிவு செய்யச் செல்வோரிடம் மாநில அரசமைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்துப் பொருள் கூறச் சொல்வர். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி.

அம்மாநிலத்தில் குத்தகை உழவர் குடும்பத்தில் இருபதாவது குழந்தையாகப் பிறந்தவர் ஃபேனி லூ ஹேமர். சில ஆண்டுகளே பள்ளி சென்றவர். பருத்தித் தோட்டத்தில் உழைத்து வாழ்ந்தவர். தமக்கு வாக்குரிமை உண்டு என்பதையே அவர் 1962 இல், தம் 44 ஆம் வயதில்தான் அறிந்தார். பதிவு செய்யச் சென்ற அன்றே தோட்ட முதலாளி அவரை வெளியேற்றினார். 1963 இல் வைனோனா நகரச் சிறையில் அவர் கொடுமையாக அடிக்கப்பட்டார். எனினும் அவர் பின்வாங்கவில்லை.

1964 இல் ஹேமரும் அவர் தோழர்களும் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்னும் அமைப்பைக் கண்டனர். அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டிற்கு 68 பேராளர்களுடன் சென்று, வெள்ளையர் மட்டுமே கொண்ட மாநிலக் குழுவை ஏற்கலாகாது, எங்களையே ஏற்க வேண்டும் என்று முறையிட்டனர். ஆகஸ்டு 22 ஆம் நாள் தகுதி ஆய்வுக் குழுவின் முன் ஹேமர் தாம் பட்ட துயரை எடுத்துரைத்தார். அதனைத் தொலைக்காட்சியில் நாடு காண்பதைத் தடுக்க எண்ணிய குடியரசுத் தலைவர் ஜான்சன், அந்நேரத்திலேயே செய்தியாளரைக் கூட்டினார். ஆனால் அன்றிரவு நிலையங்கள் ஹேமரின் உரையை ஒளிபரப்பின.

கட்சித் தலைமை இரண்டு இடங்கள் தருவதாகக் கூறியது. அவ்விருவர் யார் என்பதையும் தலைமையே முடிவு செய்யும். ஏற்றுக்கொள்ளுங்கள் என்று உரிமை இயக்கத்தின் மூத்த தலைவர்கள் சிலரும் அறிவுரை கூறினர். மிசிசிப்பியினர் மறுத்துவிட்டனர். தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுப்பது வேறு, பிறர் தேர்ந்தெடுத்துத் தருவதைப் பெற்றுக்கொள்வது வேறு என்பதை அந்த ஏழை உழவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

அவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர் என்றே அன்று பலரும் கருதினர். ஆனால் நிறவேற்றுமை காட்டும் குழு எதுவும் அடுத்த மாநாட்டில் ஏற்கப்படாது என்ற உறுதி அம்மறுப்பினால் விளைந்தது. 1968 இல் சிகாகோ மாநாட்டில் மிசிசிப்பியின் பழைய குழு விலக்கப்பட்டு, இரு இனத்தாரும் கலந்த குழு அமர்த்தப்பட்டது. ஹேமர் பேராளராக உள்ளே நுழைந்தபோது மாநாட்டினர் எழுந்து நின்று வரவேற்றனர்.

விதியை மாற்றிய தோல்விகள்

அதே 1968 இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி முதனிலைத் தேர்தல் ஒன்றிலும் போட்டியிடாமலே வேட்பாளரானார். அதனால் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, செனட்டர் மெக்கவர்ன் தலைமையில் 1969 இல் அமைக்கப்பட்ட குழு தேர்வு விதிகளைத் திருத்தியது. பெண்கள், இளைஞர், கறுப்பினத்தார் ஆகியோர்க்குப் பேராளர்களுள் உரிய பங்கு வேண்டப்பட்டது. 1972 இல் அதே மெக்கவர்ன் வேட்பாளராக வென்றார். விதியை எழுதியவர்க்கு அதன் வழிகளும் தெரிந்திருந்தன.

அவ்வாண்டுப் போட்டியில் நின்றவர்களுள் ஷெர்லி சிஷோமும் ஒருவர். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வு பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவர். வெல்ல இயலாதவர் என்று கூறி அவர் இனத்தலைவர்களே பலர் ஒதுங்கினர். எனினும் மாநாட்டில் அவருக்கு 152 வாக்குகள் கிட்டின. அப்பதவிக்குப் போட்டியிடுவது தமக்கும் உரியது என்று அவர் நிலைநாட்டினார்.

1984 இல் பாதிரியார் ஜெஸ்ஸி ஜாக்சன் களம் புகுந்தார். தேவாலயந்தோறும் சென்று புதிய வாக்காளர்களைப் பதிவு செய்ததே அவருடைய முதல் வியூகம். முதனிலைத் தேர்தல்களில் 32 லட்சத்துக்கும் மேலான வாக்குகள், அதாவது சுமார் 18 விழுக்காடு, அவருக்கு விழுந்தன. மாநாட்டிலோ 3,900 க்கும் மேற்பட்ட பேராளர்களுள் அவருக்குக் கிடைத்தவை 465½ வாக்குகளே. இது 12 விழுக்காடு. எஞ்சியது எங்கே போயிற்று? ஒரு தொகுதியில் 20 விழுக்காடு எட்டாதவர்க்குப் பேராளர் இல்லை என்னும் விதி ஒருபுறம். சில மாநிலங்களில் வென்றவருக்கே யாவும் என்னும் வழக்கம் மறுபுறம். தேர்தலில் நிற்காமலே மாநாட்டில் வாக்களிக்கும் சூப்பர் டெலிகேட் என்னும் கட்சிப் பெரியோர் வேறு, பெரும்பாலும் வால்டர் மாண்டேலின் பக்கமே நின்றனர். ஜாக்சனிடமும் பிழை இருந்தது. யூதரை இழிவாகக் குறித்த ஒரு சொல்லை அவர் தனியுரையாடலில் பயன்படுத்தியது வெளியாகி, மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பிறர் ஆதரவை நாடும் சிறுபான்மைத் தலைவர் ஒருவர்க்கு அது பெருங்காயம்.

ஆயின் ஜாக்சன் தம் வாக்குக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விதியோடு மல்லாடினார். அடுத்த தேர்தலுக்கு முன் 20 விழுக்காடு என்னும் வரம்பு 15 ஆகக் குறைக்கப்பட்டது. 1988 மார்ச்சு 8 ஆம் நாள் தென் மாநிலங்கள் பலவும் ஒரே நாளில் வாக்களித்தன. மிதவாதியான தென்னவர் ஒருவரை முன்னிறுத்தவே தென்னகத் தலைவர்கள் அந்நாளை அமைத்தனர். ஆனால் அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, வர்ஜீனியா ஆகிய ஐந்திலும் வென்றவர் ஜாக்சன். ஹேமரை அடித்த மாநிலமும் அவற்றுள் ஒன்று. அம்மாத இறுதியில் மிச்சிகனில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளுடன் அவர் வென்றபோது நாடே வியந்தது. பின்னர் விஸ்கான்சினிலும் நியூயார்க்கிலும் தோற்று, மைக்கேல் டுகாக்கிசிடம் வாய்ப்பை இழந்தார். எனினும் வாக்குகளில் சுமார் 29 விழுக்காடும், மாநாட்டில் 1,218½ வாக்குகளும் பெற்றார். அதுவும் ஏறத்தாழ 29 விழுக்காடே. நான்கே ஆண்டுகளில் கணக்கு நேராயிற்று.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. அடுத்த தேர்தல் முதல் எல்லா மாநிலங்களிலும் விகிதாசார முறையே நிலவ வேண்டும் என்ற உடன்பாட்டைப் பெற்றார். அவருடைய மாநாட்டுப் பணிகளை நடத்திய ரான் பிரவுன் 1989 இல் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானார்.

விதைத்தவரும் அறுத்தவரும்

இருபதாண்டுகள் சென்றன. 2008 இல் பராக் ஒபாமா, ஹிலாரி கிளிண்டனை எதிர்த்து நின்றார். பெரிய மாநிலங்கள் பல கிளிண்டன் பக்கம். பழைய விதி இருந்திருப்பின், அம்மாநிலங்களின் பேராளர் அனைவரும் அவருக்கே போயிருப்பர். ஒபாமாவின் குழுவினர் விகிதாசார விதியை நன்கு கற்றிருந்தனர். தோற்கும் இடத்தில் சிறிதாகத் தோற்க வேண்டும், பிறர் புறக்கணித்த சிறிய இடத்தில் பெரிதாக வெல்ல வேண்டும் என்பது அவர்கள் வியூகம். பிப்ரவரி 5 ஆம் நாள் நியூ ஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். கிளிண்டன் 59 பேராளரும் ஒபாமா 48 பேராளரும் பெற்றனர். வேறுபாடு 11. அதே நாளில் ஐடஹோ மாநிலக் கட்சிக் கூட்டங்களுக்கு வந்தோர் இருபதாயிரத்துச் சொச்சம் பேரே. அங்கே ஒபாமாவுக்கு 15, கிளிண்டனுக்கு 3. வேறுபாடு 12. சிறிய மாநிலத்தின் வெற்றி பெரிய மாநிலத்தின் தோல்வியை ஈடு செய்தது.

அவ்வாண்டு நவம்பர் 4 ஆம் நாள் இரவு, சிகாகோ நகரில் ஒபாமாவின் வெற்றிக் கூட்டத்தில் கண்ணீர் வழிய நின்ற ஜெஸ்ஸி ஜாக்சனை உலகம் தொலைக்காட்சியில் கண்டது. தாம் தோற்ற போட்டிகளில் அவர் மாற்றிய விதியே மற்றொருவர்க்கு வழியாயிற்று.

நம் வரலாற்றின் ஓர் ஏடு

1932 செப்டம்பர் 24 ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தை நாம் அறிவோம். அண்ணல் அம்பேத்கருடன் நம் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. இராஜாவும் அதில் கையொப்பமிட்டனர். மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள், அவற்றுள் சென்னை மாகாணத்திற்கு 30 இடங்கள் என்பது பலர்க்கும் நினைவிருக்கும். அவ்வொப்பந்தத்திலும் முதனிலைத் தேர்தல் இருந்தது என்பது பலர்க்கு மறந்துபோயிற்று. ஒதுக்கப்பட்ட ஒவ்வோர் இடத்திற்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டுமே முதலில் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பர். பின்னர் அந்நால்வருள் ஒருவரை எல்லா வகுப்பினரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். முதல் வாயிலின் திறவுகோல் நம்மிடம் இருந்தது. இரண்டாம் வாயிலின் திறவுகோல் பெரும்பான்மையினரிடம் இருந்தது.

1945-46 தேர்தல்களில், நம் மக்கள் முதலிடத்தில் நிறுத்தியவரே இறுதித் தேர்தலில் பிற வகுப்பினர் வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டதை அம்பேத்கர் புள்ளிவிவரங்களுடன் எடுத்துக்காட்டினார். 1946 இல் அவர் கறுப்பின அறிஞர் டூ பாயிசுக்குக் கடிதம் எழுதியதும் நினைவுகூரத் தக்கது. இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையை அவர் கண்டிருந்தார். 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பில் தனித்தொகுதிகள் உண்டு; முதனிலைத் தேர்தல் இல்லை. தனித்தொகுதி வேட்பாளரை இன்று தீர்மானிப்பது கட்சித் தலைமை. அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்னும் வினா அதனால்தான் எழுகிறது.

இளைஞர்களே! இவ்வரலாற்றில் வென்றவர்களைக் காட்டிலும் தோற்றவர்களையே நான் மிகுதியாகக் கூறினேன். ஹேமர் இரண்டு இடங்களை மறுத்தார். சிஷோம் 152 வாக்குகளுடன் திரும்பினார். ஜாக்சன் இருமுறை தோற்றார். ஆனால் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஒரு விதி மாறியது. தோல்வியின் கணக்கை எழுதி வைத்து, அதனை விதியின் முன் காட்டத் தெரிந்திருந்தமையே அதற்குக் காரணம்.

ஃபேனி லூ ஹேமர் தம் உரிமையை அறிய 44 ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகளுக்கு அத்தனை காலம் ஆகலாகாது என்பதற்காகவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பெரியோர் இக்கல்விச் சங்கத்தைக் கண்டனர். வாக்காளர் பட்டியலையும், நீங்கள் சேரும் கட்சியின் சட்டதிட்டத்தையும், கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதியையும் படியுங்கள். பெயர்கள் எழுதப்படும் அறைக்குள் நுழையுங்கள். பிறர் எழுதித் தந்த பெயர்களுள் ஒன்றைத் தெரிவு செய்வது மட்டும் நம் உரிமை அன்று; பெயரை எழுதுவதும் நம் உரிமையே.