காவிரி நீர்ப்பங்கீடு: திருச்சி – திருவரங்கம்

திருவரங்கத் தீவின் மேற்குமுனையான முக்கொம்புக்கும் கிழக்குமுனைக்கு அருகிலுள்ள கல்லணைக்கும் இடையே காவிரி நீரைப் பிரித்து ஆளும் ஏற்பாடு காவிரி நீர்ப்பங்கீடு எனப்படும். ஆற்றைத் தேக்காமல், அதன் போக்கையும் மணலையும் அறிந்து பயன்கொள்ளும் இம்முறை, நீடித்த வளப் பயன்பாட்டுச் சிந்தனைக்குத் தமிழகம் தந்த முன்னோடிப் பங்களிப்பு.

இயற்கை அமைப்பு

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடம் சரிவு மிகுந்தது. நேராகக் கடலை நோக்கி ஓடும். தெற்கே செல்லும் காவிரியின் சரிவு குறைவு என்பதால் அதன் படுகையில் மணல் படியும். படுகை மேடேற, நீர் கொள்ளிடத்தையே நாடும். தீவின் கிழக்குமுனையில் உள்ளாறு வழியாகவும் காவிரி நீர் கொள்ளிடத்தில் இறங்கிவிடும். இந்த இரு வாய்களையும் காக்காவிட்டால் தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் இல்லை.

கல்லணை

உள்ளாற்றின் குறுக்கே அமைந்த கல்லணையைக் கரிகாலச் சோழன் 2-ஆம் நூற்றாண்டில் கட்டினான் என்பது மரபு. அவன் காவிரிக்குக் கரை கட்டியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு குறிப்பிடுகிறது. அணையின் நீளம் 329 மீட்டர், அகலம் 20 மீட்டர், உயரம் 5.4 மீட்டர். செதுக்காத கற்களை மணலில் அமிழ்த்தி, களிமண்ணால் பிணைத்து எழுப்பியது இது. சாதாரண நீரைக் காவிரிக்குத் திருப்பும். மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்கு விடும். வயலுக்கு வேண்டியதை எடுத்து, ஆற்றுக்குரியதை ஆற்றிடமே விட்ட அறிவு இது.

19-ஆம் நூற்றாண்டு

1804-இல் அணையை ஆராய்ந்த கால்டுவெல் என்னும் பொறியாளர் அதன் உயரத்தைக் கூட்டினார். மணல் தேங்குவது நிற்கவில்லை. பின்னர் வந்த பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-இல் மணற்போக்கிகளை அமைத்தார். 1836–38-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். காவிரிக்கு நீர் பெருகியது. ஆனால் அளவு மிஞ்சி அதன் படுகையை அரிக்கத் தொடங்கியதால், 1840களில் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு தேவைப்பட்டது. ஓரிடத்தில் செய்யும் மாற்றம் ஆறு முழுவதையும் மாற்றும் என்பதைப் பொறியாளர்கள் இங்கே கண்ணால் கண்டனர். ஆழமான மணலில் அடித்தளம் இடும் முறையைக் கல்லணையிடமிருந்து கற்றதாகக் காட்டனே எழுதினார். கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கட்டை (1847–52) எழுப்பியபோது அந்தப் பாடம் பயன்பட்டது.

ரஷ்ய ஒப்பீடு

ஓரிடத்து மாற்றம் முழுவதையும் மாற்றும் என்ற இந்தப் பார்வைக்கு நெருக்கமாக, நிலம், நீர், காடு மூன்றும் ஒரே அமைப்பின் உறுப்புகள் என்ற கருத்தை ரஷ்யாவில் மண்ணியலாளர் வசீலி தக்குச்சாயெவ் (1846–1903) அறிவியலாக வகுத்தார். ரஷ்யாவின் கருமண் பற்றிய அவரது நூல் 1883-இல் வெளிவந்தது. 1891-ஆம் ஆண்டு வறட்சியும் பஞ்சமும் அவரைப் புல்வெளி நிலங்களின் மீட்பை நோக்கித் திருப்பின. மரவரிசைகளும் குளங்களும் அமைத்து மண்ணின் ஈரத்தைக் காக்கும் சோதனைகளை அவர் தொடங்கினார். அவருடைய மாணவர் விளாதிமிர் வெர்னாத்ஸ்கி 1926-இல் ‘உயிர்க்கோளம்’ நூலில் அந்தப் பார்வையைப் புவி முழுமைக்கும் விரித்தார். அங்கே ஆய்வுக்கூடமும் நூலும் வகுத்த முழுமைப் பார்வை, இங்கே அணையிலும் மதகிலும் வேலைசெய்த தலைமுறைகளின் பட்டறிவாக வளர்ந்தது.

இன்றைய நிலை

1934-இல் காவிரியின் மேல்பகுதியில் மேட்டூர் அணை முடிந்தபின் நீர் திறப்பு அங்கே மாறினாலும், பங்கீடு முக்கொம்பிலும் கல்லணையிலுமே நடக்கிறது. 2018 ஆகஸ்டில், பெருவெள்ளத்தின்போது மேலணையின் 9 மதகுகள் இடிந்தன. பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது. மணல் அள்ளுவதால் படுகை தாழ்கிறது. திருச்சி நகரின் ஊடே ஓடும் பழைய பாசன வாய்க்காலான உய்யக்கொண்டானில் கழிவுநீர் கலக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு மரபு என்ற பெருமை மட்டும் ஆற்றைக் காக்காது. மணல் வரத்தை அளப்பதும், மதகுகளை ஆண்டுதோறும் பழுதுபார்ப்பதும், வாய்க்காலில் கழிவு விழாமல் தடுப்பதுமே அந்த மரபைத் தொடர்வதாகும்.