நேரல் மலையின் கால்வழிகள்

பத்லாபூரும் வாங்கணியும் கடந்து வண்டி நேரலை நெருங்குகையில், வலப்புறத்தில் தட்டையான உச்சியுடன் ஒரு நெடிய மலை கூடவே வருவதைக் கர்ஜத் வண்டியில் சென்ற நம் காலனியார் யாவரும் கண்டிருப்பர். அதுவே மாத்தேரான். விடுமுறையில் குழந்தை குட்டிகளோடு அங்கு சென்று, குதிரையேறி, சிக்கிப் பொட்டலத்தோடு திரும்பாத குடும்பம் நம்மிடையே அரிது. ஆயினும் அம்மலைக்கு ஏறும் வழிகளின் சரித்திரத்தை எண்ணிப் பார்த்தோர் சிலரே. நாம் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வே குமாஸ்தாவாக அமர்ந்தவராகையால், சரித்திர ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றோம். எனினும் இருப்புப்பாதையைக் கட்டிக்கொண்டே இருபது வருஷங்களுக்கு மேல் கழித்துவிட்டபடியால், இருப்பில்லாத பாதைகளைப் பற்றியும் நாலு வார்த்தை எழுத ஆசை உண்டாயிற்று.

1850-ஆம் வருஷம் மே மாதத்தில், தாணா ஜில்லா கலெக்டர் ஹியூ மாலெட் என்பார் சௌக் கிராமத்துப் பக்கமிருந்து இம்மலை மீது ஏறினார் என்றும், அவரே மாத்தேரானைக் ‘கண்டுபிடித்தார்’ என்றும் புத்தகங்கள் கூறும். கண்டுபிடித்தல் என்ற சொல் நமக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது. தாக்கூர், காத்கரி, தன்கர் என்னும் மலைவாசிகள் அதற்கு வெகு காலம் முன்பே அக்காட்டில் விறகும் தேனும் சேகரித்து, மாடு மேய்த்து வாழ்ந்தவர்கள். மாத்தேரான் என்ற பெயரே உச்சிமீதுள்ள காடு எனப் பொருள்படும் மராத்திச் சொல் என்பர். பெயர் இருந்ததென்றால் பெயரிட்டோரும் இருந்திருப்பர். அவர்கள் ஏறிய வழியும் இருந்திருக்கும் அல்லவா?

மாலெட்டுக்குப் பின் பம்பாய் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபு அங்கு ஒரு விடுதி கட்டுவித்து, மலைவாசஸ்தலம் வளர அடிகோலினார். 1853-இல் பம்பாயிலிருந்து தாணா வரை ஓடத் தொடங்கிய ஜி.ஐ.பி. ரயில், 1854-இல் கல்யாணையும், 1856-இல் நேரல் வழியாகக் கோபோலியையும் எட்டியது. அதன் பின் சீமான்கள் நேரலில் இறங்கிக் குதிரையிலும் பல்லக்கிலும் ஏறலாயினர். பல்லக்கைச் சுமந்தவர் யாவர் என்று விளக்க வேண்டியதில்லை.

சிறிய ரயிலின் கதை பலரும் அறிந்ததே. சர் ஆதம்ஜி பீர்பாயின் பொருளுதவியால், அவர் குமாரர் அப்துல் ஹுஸேன் 1904-இல் வேலையைத் தொடங்கி 1907-இல் முடித்தார். இரண்டடி அகலத் தண்டவாளம். சுமார் 21 கிலோமீட்டர். சில இடங்களில் இருபதடிக்கு ஓரடி ஏற்றம். ஜும்மாபட்டி, வாட்டர் பைப், அமன் லாட்ஜ் என்று நிலையங்கள். வழியில் ஒரேயொரு குகை; அதற்கு வெள்ளைக்காரன் வைத்த செல்லப்பெயரைக் குடும்ப மலரில் அச்சிடலாகாது. ரயில்வேக்காரன் என்ற முறையில் அந்த வேலைத் திறனை எண்ணி நாம் பெருமைப்படுவதுண்டு. ஆனால் அந்த ரயில் நோஞ்சான் பிள்ளை போன்றது. 2005 ஜூலைப் பெருமழையில் தடம் அடித்துச் செல்லப்பட்டு, 2007-இல்தான் மீண்டும் ஓடியது. 2019 மழையில் மறுபடியும் சேதமுற்று, நேரலிலிருந்து மேலே செல்லும் வண்டி 2022 அக்டோபர் வரை நின்றிருந்தது. மோட்டார் சாலையோ தஸ்தூரியோடு முடிகிறது. கால்வழிகள் மட்டும் ஒரு வருஷமும் விடுமுறை எடுத்ததில்லை.

அவ்வழிகள் பல. சௌக்கிலிருந்து ராம்பாக் முனைக்கு ஒன்று. பிவ்புரி ரோடு நிலையத்திலிருந்து கார்பெட் மேட்டின் மீது ஒன்று. பன்வேல் பக்கத்துத் தோதாணியிலிருந்து சூரியாஸ்தமன முனைக்கு ஒன்று. ஒற்றை மரக் குன்றருகே சிவாஜி ஏணி என்று பெயர் பெற்ற பாறைப் பிளவு ஒன்று. மராத்தியில் இவற்றைப் ‘பாவூல்வாட்’ என்பர். காலடி வழி என்று பொருள். நம் ஒற்றையடிப் பாதைக்கு அது அக்காள் முறை ஆகலாம்.

சில வருஷங்களுக்கு முன் காலனிப் பிள்ளைகள் ஐவரை அழைத்துக்கொண்டு பிவ்புரி வழியாக ஏறினோம். வழிகாட்டி வேண்டாம் என்பது நம் பிடிவாதம். பிற்பகலில் வழி தவறிற்று. எப்பக்கம் திரும்பினும் செங்குத்துப் பாறை. “மாமா, ரயிலிலேயே போயிருக்கலாமே” என்று சிறுவன் ஒருவன் அழத் தொடங்கினான். அச்சமயம் விறகுக் கட்டோடு வந்த தாக்கூர் முதியவர் ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, “வண்டிக்குக் காசில்லையா?” என்று பரிவோடு வினவினார். பின்பு முன்னே நடந்தார். பாறைக்குக் கீழுள்ள படி போன்ற விளிம்பிலே நெடுந்தூரம் பக்கவாட்டில் சென்று, நீரோடை பாறையைப் பிளந்திருந்த இடத்தில்தான் மேலே திரும்பினார். “தண்ணீர் இறங்கும் இடத்தில்தான் மனிதன் ஏற முடியும். மழைக்காலத்தில் அது தண்ணீருக்குச் சொந்தம்” என்றார்.

இதன் காரணம் பிற்பாடு விளங்கிற்று. பல லட்சம் நூற்றாண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய்ப் பாய்ந்து உறைந்து உண்டானவை இம்மலைகள். ஆகவேதான் மேடும் படியும் மாறி மாறி நிற்கின்றன. எந்தப் படி எந்த ஓடையில் முடியும் என்பதைத் தலைமுறை தலைமுறையாய்க் காலால் படித்தவர்களே இவ்வழிகளின் இஞ்சினீயர்கள். கல்வெட்டில் மட்டும் பெயரில்லை.

மாலெட் ஏறிய அதே சௌக்கின் அருகே இர்ஷால்கட் என்னும் கோட்டை மலை நிற்கிறது. அதன் சரிவிலிருந்த தாக்கூர் குடியிருப்பான இர்ஷால்வாடி, 2023 ஜூலை 19 இரவு, அடைமழையில் மண் சரிந்து புதையுண்டது. ஊருக்கு மோட்டார் சாலை கிடையாது. ஒற்றையடிப் பாதை மட்டுமே. மண் வாரும் பெரிய இயந்திரங்கள் ஏற வழியின்றி, மீட்க வந்தோர் சேற்றில் நடந்தேறிக் கடப்பாரையும் கையுமாய்த் தோண்டினர். 27 உடல்கள் கிடைத்தன. 57 பேரைக் காணவில்லை என்று கூறித் தேடல் நான்காம் நாள் நிறுத்தப்பட்டது. 1850-இல் ஒரு கலெக்டர் ஏறியதும் மலைமேல் ஒரு நகரமும் ரயிலும் வந்தன. அடுத்த மலையின் சரிவுக்கோ 173 வருஷங்களாகியும் ஒரு சாலை வரவில்லை. பத்திரிகையில் அதைப் படித்த காலை, விறகுக் கட்டோடு நின்ற அம்முதியவரின் முகமே நம் கண்முன் வந்தது. அவர் எந்த வாடியைச் சேர்ந்தவர் என்று அன்று நாம் கேட்கவில்லை.

வரும் ஜனவரியில் சௌக் வழியாக ராம்பாக் ஏறச் சங்கத்தார் சிலர் எண்ணியுள்ளோம். இம்முறை அவ்வூர் ஆள் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி, அவர் கேட்கும் கூலியைப் பேரமின்றிக் கொடுப்பதென்பது ஏற்பாடு. வர விரும்புவோர் பொங்கலுக்கு முன் நம்மிடம் பெயர் கொடுக்கலாம். சென்ற முறை அழுத சிறுவன் முதலாவதாகக் கொடுத்துவிட்டான்.