நுழைவாயிலில் எடுத்த அளவு

கரும்புக்கும் பின்னர் ரப்பருக்கும் பேர்பெற்று, இன்று செம்பனை சூழ்ந்திருக்கும் நிபோங் திபால் வட்டாரத்திற்கு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பேராக்கிலிருந்து 2001இல் வந்து நிலைபெற்ற நாள்முதல், இளம்பிராயத்துப் பிள்ளைகள் பலர் தாயின் அடுப்படியை முதன்முறையாகப் பிரிந்து ஆண்டுதோறும் இங்கே விடுதி வாழ்க்கைக்குள் புகுகின்றனர். அவர்களுடைய இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசப்புகுந்தால், அது முதுமையின் வியாதியாயிற்றே என்ற ஆட்சேபம் உடனே எழும். நம் மக்கள் அதற்கு இட்ட 'இரத்தக் கொதிப்பு' என்னும் பெயரும் இம்மயக்கத்தை வளர்க்கிறது. கொதிப்பென்றால் கோபமும் படபடப்பும் தோன்றவேண்டும் என்று எண்ணுகிறோம். இதுவோ பெரும்பாலும் யாதொரு அறிகுறியுமின்றிப் பல்லாண்டுகள் சரீரத்தில் குடியிருக்கும்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பதினெட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. மூத்தோரிடையே விகிதம் மிகுதி என்பது மெய்யே; ஆயினும் அந்நோயின் விதை எப்போது ஊன்றப்பட்டது என்பதே நம் வினா. பெற்றோர் வழி வருவது என்பாருளர். அதை மறுப்பதற்கில்லை, ஆனால் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பது குருதியை மட்டுமன்று, நாவின் ருசியையும் சேர்த்தே. உடற்பருமன், புகை, அசையாதிருத்தல், உறக்கக்குறைவு ஆகியவற்றை நூல்கள் விரிவாகவே சொல்லியிருக்கின்றன.

உப்பைப் பற்றித்தான் சற்று நின்று பேசவேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்க என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2017–18இல் நிகழ்ந்த ஆய்வொன்றின்படி மலேசியர் உண்பதோ சராசரியாக 7.9 கிராம். வீட்டில் அம்மா அள்ளிப்போடும் உப்பாவது கண்ணுக்குத் தெரியும். மீ கோரேங்கில் ஊறிய கிச்சாப்பிலும், நடுநிசியில் பாடக்குறிப்புகளுக்கிடையே வெந்நீர் ஊற்றி உண்ணும் மெகியின் தூள்பொட்டலத்திலும் மறைந்திருப்பதை யார் அளந்தார்? மலிவு, விரைவு, தனிமை ஆகிய மூன்றும் கூடி மாணவனின் உணவைத் தீர்மானிக்கின்றன. அவனுடைய மனவுறுதியைக் கடிந்து பயனில்லை.

அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் நுழைவின்போது மருத்துவப் பரிசோதனை அறிக்கை கேட்பது வழக்கம். என் ஆட்சேபம் அதன் காலத்தைப் பற்றியது: அபாயம் தொடங்குமுன்பே அளந்துவிட்டு, தொடங்கியபின் அளவாதிருக்கிறோம். அந்த ஒற்றை அளவுந்தானும் நம்பத்தக்கதா? ஐந்து நிமிடம் அமைதியாக உட்காராமல், பருத்த புயத்தில் குறுகிய பட்டையைச் சுற்றி, இடம் பறிபோகுமோ என்ற அச்சத்தோடு எடுத்தால் எண் உயர்ந்தே காட்டும். போதாக்குறைக்கு, 2017முதல் அமெரிக்க வல்லுநர் 130/80ஐயே நோயின் எல்லையாகக் கொள்ள, இங்கே வழங்கும் எல்லை 140/90. விமானமேறினால் சுகவாசி நோயாளியாகிவிடுவான்!

ஆதலால், முதலாண்டு முடிவில், தேர்வுக் காலத்தை விலக்கி, வெவ்வேறு நாட்களில் மீண்டும் அளந்து, பழைய எண்ணோடு ஒப்பிடுவதே நியாயமான முறை. 118 என்று வந்த ஒருவன் ஓராண்டில் 132இல் நிற்பானாயின், இரண்டும் 140க்குக் கீழ்தானே என்று கோப்பு மௌனம் சாதிக்கும். மருத்துவர் விசாரிக்கவேண்டியதோ இடைப்பட்ட அந்தப் பதினான்கை.