பொருள் நூல் படித்தால் பொருள் சேருமா?

ஏலக்களம் ஒன்றின் முன் மக்கள் திரண்டு நிற்கின்றனர். ஏலம் தொடங்க இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. வரிச்சுமை தாங்க முடியவில்லை என்று அவர்கள் குறைபட்டுக்கொள்ள, முதியவர் ஒருவர் எழுந்து, உழைப்பின் உயர்வையும், சிக்கனத்தின் நன்மையையும், கடனின் கொடுமையையும் விரிவாக எடுத்துரைக்கிறார். கூட்டம் தலையாட்டிக் கேட்கிறது. ஏலம் தொடங்கியதும் அதே கூட்டம் முண்டியடித்துக்கொண்டு, வேண்டாத பொருள்களை எல்லாம் வாங்கிக் குவிக்கிறது. அப்பேச்சால் மனம் மாறியவர் ஒருவரே. புதிய மேலங்கிக்குத் துணி எடுக்க வந்திருந்த அவர், பழையதையே இன்னும் சில காலம் அணியலாம் என்று வீடு திரும்பிவிடுகிறார்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1758-ஆம் ஆண்டுக்கான தம் பஞ்சாங்கத்தின் முன்னுரையாக எழுதிய கதை இது. பின்னர் ‘செல்வத்துக்கு வழி’ என்னும் தனி நூலாகிப் பல மொழிகளில் பரவிற்று. பணத்தைப் பேணும் வழிகளைக் கூறி இன்று வெளிவரும் நூல்களுக்கெல்லாம் அதனை ஒரு முன்னோடி எனலாம். அறிவுரை கூறியவரே, அறிவுரை பலிப்பது அரிது என்பதையும் அக்கதையிலேயே ஒப்புக்கொண்டது கருதத்தக்கது.

மாதச் சம்பளம் பெறுவோர், சிறு கடை நடத்துவோர், கடல் கடந்து உழைக்கும் சபுராளிகள் ஆகியோர் இத்தகைய நூல்களைப் படிப்பதால் பயன் உண்டா? வருவாயே குறைவாக இருக்கையில் நூல் என்ன செய்துவிடும் என்று கேட்பார் உளர். படித்தால் செல்வந்தராகிவிடலாம் என்று நம்புவாரும் உளர். இவ்விரு சாராருக்கும் வரலாறு விடை தருகிறது.

கி.பி. 820-ஐ ஒட்டி பக்தாது நகரில் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ ‘அல்ஜப்ர்’ பற்றிய தம் நூலை எழுதினார். இன்றைய இயற்கணிதத்துக்குப் பெயர் தந்த நூல் அது. வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்கு ஓயாது தேவைப்படும் கணக்கை எளிமையாக்குவதே தம் நோக்கம் என்று அவர் முன்னுரையில் குறிப்பிட்டார். நூலின் பெரும்பகுதி இறந்தவரின் சொத்தைப் பங்கிடும் கணக்குகளே. அறிவியலின் சிகரமாக நாம் போற்றும் அந்நூல், குடும்பப் பணத்தை நேர்மையாகப் பிரிக்கும் கையேடாகவும் விளங்கிற்று.

இவ்வறிவு கடல் கடந்தது. பைசா நகரத்து லியனார்டோ, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள புஜாயா துறைமுகத்தில் தம் தந்தையார் சுங்கப் பணியில் இருந்தபோது, இந்திய எண்முறையை அங்கே கற்றார். 1202-இல் அவர் எழுதிய நூல், நாணய மாற்று, கூட்டு வாணிபத்தில் இலாபப் பங்கீடு ஆகிய கணக்குகளை விளக்கிற்று. 1338-ஐ ஒட்டிப் பிளாரன்சு நகரில் வணிகக் கணக்குக் கற்பிக்கும் பள்ளிகள் 6 இருந்தன என்றும், 1,000 முதல் 1,200 சிறுவர்கள் அவற்றில் பயின்றனர் என்றும் வில்லானி என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். அங்கே கற்றவர் எல்லோரும் செல்வந்தர் ஆகிவிடவில்லை. ஆயினும் எடையிலும் விலையிலும் பங்கிலும் பிறர் செய்யும் சூதைக் கண்டுகொள்ளும் ஆற்றல் பெற்றனர். பொருள் நூலின் முதற்பயன் இதுவே.

இனி, ஆசை காட்டும் எழுத்தைப் பார்ப்போம். 1929 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க மகளிர் இதழ் ஒன்றில், எல்லாரும் செல்வராக வேண்டும் என்னும் கருத்துடைய தலைப்பில் ஒரு கட்டுரை வெளிவந்தது. கருத்தை வழங்கியவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் நிதிப் பொறுப்பை வகித்த ஜான் ராஸ்காப். மாதம் 15 டாலரை நல்ல பங்குகளில் இட்டுவந்தால் 20 ஆண்டுகளில் 80,000 டாலர் சேரும் என்றார். இரண்டே மாதங்களில் பங்குச் சந்தை சரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் 381 ஆக இருந்த டோ ஜோன்ஸ் குறியீட்டெண், 1932 ஜூலையில் 41 ஆக வீழ்ந்தது. பொருளியலில் பல நூல்கள் இயற்றிய பேராசிரியர் இர்விங் பிஷர், பங்கு விலைகள் நிலையான உயரத்தை எட்டிவிட்டன என்று சரிவுக்குச் சில நாள் முன்னரே கூறியிருந்தார். அவரும் தம் செல்வத்தை இழந்தார். நூல் எழுதியவரையே காவாத நூலறிவும் உண்டு.

ராஸ்காப் சொன்ன வழியை ஒருவர் உறுதியாகப் பின்பற்றியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பெஞ்சமின் கிரகாம் தம் புகழ்பெற்ற முதலீட்டு நூலில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். 20 ஆண்டுகளில் செலுத்திய தொகை 3,600 டாலர். கையில் இருந்திருப்பது ஏறத்தாழ 8,500 டாலர். பொறுமைக்குப் பலன் இருந்தது. வாக்களித்ததோ அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல். அச்சத்தால் இடையில் விற்றவருக்கும், வேலை போனதால் விற்க நேர்ந்தவருக்கும் அப்பலனும் இல்லை. ஆசையை வளர்ப்பதும் நூல்தான். அவ்வாசையை அளந்து காட்டுவதும் நூல்தான்.

ஏழைத் தொழிலாளருக்கு நேரே பயன்பட்ட நூலும் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரின் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் வாரந்தோறும் சில பென்சுகளாகச் சேர்த்த 28 பவுனைக் கொண்டு, 1844 டிசம்பரில் ஒரு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி போன்ற சிலவே அங்கே சரக்கு. கலப்படம் இல்லை; எடை குறையாது; கடனுக்கு விற்பதில்லை; மிஞ்சும் இலாபம் வாங்கியவர்க்கே, வாங்கிய அளவுக்கேற்பத் திரும்பும். பின்னர் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கினர். இவ்வரலாற்றை ஹோலியோக் என்பவர் 1858-இல் நூலாக்கினார். அதனைப் படித்த தொழிலாளர் பல ஊர்களில் இத்தகைய கடைகளைத் திறந்தனர். அவ்வழியைப் பின்பற்றி, வாலாஜா பெரிய பள்ளிவாசல் அமைந்துள்ள சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் 14 பேர் 310 ரூபாயுடன் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கினர். தனியொருவரின் சிக்கனம் தராத வலிமையை அவர்கள் கூடி நின்று பெற்றனர்.

இதற்கு மாறான காட்சியையும் நம் நாடு கண்டது. 1990-களில் தமிழகத்தில் மிகைப்பலன் கூறிப் பணம் திரட்டிய நிதி நிறுவனங்கள் பல வீழ்ந்தன. வைப்புத்தொகை செலுத்தியோரைக் காக்க 1997-இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. ஓய்வுக்காலப் பணமும், மகள் திருமணத்துக்கு என்று வைத்திருந்த பணமும் அவற்றில் சிக்கின. பணம் கேட்பவர் அதனை எங்கே முதலிடுகிறார், இவ்வளவு பலன் எங்கிருந்து வரும் என்று கேட்கும் பழக்கம் வீடுதோறும் இருந்திருப்பின், சில வீடுகளேனும் தப்பியிருக்கும். அக்கேள்வியைக் கற்பிக்க ஒரு நல்ல நூல் போதும்.

ஆகவே சாமானிய வருவாயினரும் பொருள் நூல் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். குறைந்த கூலியை உயர்த்தும் ஆற்றல் எந்நூலுக்கும் இல்லை என்பதை மட்டும் மறத்தலாகாது. கையிலெடுக்கும் நூலிடம் மூன்று கேள்விகள் கேட்போம். என் வரவையும் செலவையும் கடனையும் நானே கணக்கிடக் கற்பிக்கிறதா? இலாபத்தைச் சொல்லுமிடத்தில் நட்டத்தையும் சொல்கிறதா? ஆசிரியர் தாம் கூறும் வழியால் பொருள் ஈட்டினாரா, அவ்வழியைப் பிறருக்கு விற்று ஈட்டினாரா? இக்கேள்விகளில் தேறும் நூல் ஒன்றிரண்டே இருக்கும். நூலகத்தில் எடுத்து, கணவனும் மனைவியும் சேர்ந்து படித்து, அன்றிரவே ஒரு கணக்கேட்டைத் தொடங்கினால் போதும். பத்தாவது நூலுக்குச் செலவிடும் காசையும் அவ்வேட்டில் வரவு வைக்கலாம்.

ஏலக்களத்திலிருந்து பழைய மேலங்கியோடு திரும்பியவர் ஒருவரே. ஆயினும் அன்று அவர் வீட்டில் ஒரு துணியின் விலை மிஞ்சிற்று.