நோயாளியின் அருகே ஒரு பாடசாலை

கல்வி என்றாலே மனனம் எனக் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இஸ்லாமிய உலகின் மருத்துவக் கல்வியோ நோயாளியின் அருகிலேயே தொடங்கிற்று.

கி.பி. 1154இல் திமிஷ்க் எனப்படும் டமாஸ்கஸைத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்த சுல்தான் நூருத்தீன் ஸன்கி அங்கு நிறுவிய மருத்துவமனை, நூரி பீமாரிஸ்தான் என வழங்கிற்று. அதன் மருத்துவர் அபுல் மஜ்த் இப்னு அபில் ஹகம், நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்து மருந்தும் உணவும் விதிப்பார். பின்னர்ப் பெரிய மண்டபத்தில் அமர்வார். சுல்தான் வக்ஃபு செய்த மருத்துவ நூல்கள் அங்கிருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் சூழ, மூன்று மணி நேரம் வாசிப்பும் விவாதமும் நடைபெறும். கண்ணால் கண்ட நோய் ஏட்டின் துணையால் விளக்கம் பெற்றது.

இச்செய்தியைப் பதிந்தவர் மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ (இறப்பு 1270). அவரும் அங்கே பயின்றவரே. முஸ்லிமான அத்தக்வாரும் யூதரான இம்ரானும் நோயாளிகளைக் குறித்துக் கலந்தாய்வதை அருகிருந்து கண்டு அவர் தொழில் கற்றார். ஆசான்கள் ஐயுற்று, ஆராய்ந்து, முடிவு காண்பதை நேரில் பார்ப்பது நூல்கள் தர இயலாத பாடமாகும். 1230இல் மறைந்த அத்தக்வார், தம் இல்லத்தையே மருத்துவக் கல்விக்கூடமாக வக்ஃபு செய்தார்.

இன்று கல்விக்கூடங்களை நடத்துவோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கட்டடத்திற்கும் நூலுக்கும் செலவிடும் நாம், மாணவரின் கண்ணுக்கும் கைக்கும் என்ன பணி வைத்திருக்கிறோம்? திமிஷ்க் நகரத்தார் ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை கண்டிருந்தனர்.