நீரைக் காக்கும் நச்சுக் காற்று

ஜாலான் புசார் நீச்சல் குளத்தின் பக்கமாகச் செல்வோரின் மூக்கில் ஒரு நெடி ஏறுவதுண்டு. “குளோரின் வாடை” என்று கூறிவிட்டு நாம் நடந்துவிடுகிறோம். குளோரின் எவ்வாறு நீருக்குக் காவலாயிற்று என்பது அறியத்தக்க வரலாறாகும்.

சுவீடன் நாட்டு ஷீலே என்பவர், 1774இல் மாங்கனீசுத் தாதுவையும் உப்பிலிருந்து எடுத்த அமிலத்தையும் சேர்த்தபோது, மஞ்சள் கலந்த பச்சை நிறக் காற்று ஒன்று எழக் கண்டார். அதனைத் தனிமம் என நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் ஹம்பிரி டேவி, ஆண்டு 1810. வெளிர்பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் இட்ட பெயர், நம் இலக்கணப்படி காரணப்பெயரே. குளோரின் காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமுடையது. சோற்றில் இடும் உப்பில் அது சோடியத்தோடு கூடியிருக்கிறது; உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சினால் பிரிந்து வரும்.

ஜாலான் புசாரின் தென்முனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் எமிலி குன்று உள்ளது. நகருக்குக் குடிநீர் வழங்கும் தேக்கம் 1878இல் அங்கே அமைந்தது. காலராவின் கிருமியை இராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதிசெய்ததோ 1884இல்தான். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று மக்கள் நம்பியிருந்த காலம் அது.

1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் டைபாய்டு பரவியபோது, குளோரின் அடங்கிய வெளுப்புத்தூளைக் கொண்டு குடிநீர்க் குழாய்களைத் தூய்மை செய்தனர். 1905இல் லிங்கன் நகரிலும், 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரிலும் அஃது அன்றாட முறையாயிற்று. 1931இல் எமிலி குன்றின் தேக்கம் சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளமாக மாறியது. அத்தேக்கம் தோன்றியதற்கும் குளமானதற்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டிலேயே, கண்ணுக்குத் தெரியாத பகையை நீரிலேயே அழிக்கும் வழியை மனிதகுலம் கற்றுக்கொண்டது.

எனினும் இக்காவலன் நச்சுத்தன்மை உடையவன் என்பதை மறத்தலாகாது. 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் செருமானியப் படை திறந்துவிட்டதும் இதே காற்றுதான். கனமுடையதாதலால் அது தாழ்ந்து பரவிப் பதுங்குகுழிகளில் இறங்கிற்று. மூச்சுத் திணறி வீரர் பலர் மாண்டனர்.

கொல்வதும் காப்பதும் அளவால் அமைவன. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சியிருந்தால் நீருக்குக் காவல் உண்டு. நீச்சல் குளத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 3 மில்லிகிராம் வேண்டும். நீரில் கலந்ததும் உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம், கிருமியின் மேலுறையைக் கடந்து உட்புகுந்து அதனை அழிக்கிறது. இக்காலச் சிங்கப்பூரின் குழாய் நீரில், குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் காவல் நிற்கிறது. நெடுங்குழாய்களில் அது நீடித்திருக்கும்.

இனி, குளத்தின் நெடிக்கு வருவோம். அது பெரும்பாலும் தூய குளோரினின் நெடியன்று. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடிப் பிறக்கும் சேர்மங்களின் நெடியாகும். ஆதலால் நெடி மிகுந்த இடத்தில் குளோரின் மிகுந்தது என்று எண்ணற்க. உடல் கழுவாது குளத்தில் இறங்கினோர் மிகுந்தனர் என்று அறிக.